காலி வண்டியின் கணக்கு

வாடகை வண்டி ஓட்டுவோருக்குத் திருச்சபை மரபில் ஒரு பாதுகாவலர் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். அவர் புனித ஃபியாக்கர். ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சு நாட்டுக்கு வந்து, மோ நகர ஆயர் புனித ஃபாரோ அளித்த நிலத்தில் குடில் அமைத்துத் தவவாழ்வு நடத்தியவர். மண்வெட்டி ஏந்தித் தோட்டம் வளர்த்தார். அவ்வழியே வந்த பயணிகளுக்கு விடுதி ஒன்றையும் நடத்தினார். ஆகஸ்டு 30 அவரது திருநாள். தோட்டக்காரர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டதில் வியப்பில்லை. வண்டியோட்டிகளுக்கு அவர் உறவானதோ ஒரு பெயர்ப்பலகையால்தான். 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரில் நிக்கோலா சோவாஜ் என்பவர் குதிரை வண்டிகளை வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய வண்டிகள் நின்ற இடம், புனித மார்ட்டின் தெருவில் புனித ஃபியாக்கரின் பெயர் தாங்கிய ஒரு விடுதி. நாளடைவில் மக்கள் வண்டியையே ‘ஃபியாக்கர்’ என்று அழைக்கலாயினர். துறவியின் பெயர் தெருவில் உருளும் சக்கரங்களுக்குச் சேர்ந்தது இவ்வாறுதான்.

இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் வாசலுக்கு வந்து நிற்கும் செயலி வண்டியையும், பழைய டாக்சியையும், பேருந்தையும் ஒப்பிட்டு, மலிவானது எது, விரைவானது எது என்று வாதிடுவோர் பலர். அவ்வாதம் நமக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வண்டித்தொழிலில் வேறொரு பழைய கணக்கு உண்டு. ஆள் ஏறாமல் நிற்கும் வண்டிக்கும், இருக்கை காலியாக ஓடும் வண்டிக்கும் விலை கொடுப்பவர் யார்? வண்டி நின்றாலும் குதிரைக்குத் தீனி வேண்டும். ஓட்டுபவனுக்கும் உணவு வேண்டும். இக்கணக்கை ஒவ்வொரு காலமும் ஒவ்வொருவர் தலையில் ஏற்றியிருக்கிறது. பாரிஸ் நகரின் வரலாற்றில் அதைத் தொடர்ச்சியாகக் காணமுடிகிறது.

ஃபியாக்கர் வண்டியை அமர்த்தியவர் வண்டி முழுவதற்கும் பணம் கொடுத்தார். ஆதலால் அது வசதி உடையோரின் வண்டியாகவே இருந்தது. அதனை மாற்ற முனைந்தவர் கணித மேதையும் ‘சிந்தனைகள்’ என்னும் நூலின் ஆசிரியருமான பிளேஸ் பாஸ்கல். குருமடத்தில் நாம் பாஸ்கலைப் படித்தது யான்செனியக் கொள்கையோடும், இயேசு சபையாரோடு அவர் தொடுத்த எழுத்துப் போரோடும் இணைத்துத்தான். அவர் வண்டி விட்ட கதையை அன்று எவரும் நமக்குச் சொல்லவில்லை.

1662 ஜனவரியில் பதினான்காம் லூயி மன்னரின் உரிமைப் பத்திரம் கிடைத்தது. ருவானே கோமகன் உள்ளிட்ட உயர்குடியினர் சிலர் பாஸ்கலோடு பங்காளிகளாயினர். மார்ச் 18 அன்று, புனித அந்தோனியார் வாயிலுக்கும் லுக்சம்பூர் அரண்மனைக்கும் இடையே முதல் தடம் திறக்கப்பட்டது. வண்டிக்கு எட்டு இருக்கைகள். கட்டணம் தலைக்கு ஐந்து சூ. சூ என்பது அந்நாளைய சில்லறைக் காசு; இருபது சேர்ந்தால் ஒரு லிவ்ரு. தடம் மாறாது, புறப்படும் நேரமும் மாறாது. ஒருவரே ஏறியிருந்தாலும், ஒருவரும் ஏறாவிட்டாலும், குறித்த நேரத்தில் வண்டி புறப்பட்டுவிடும். இந்தக் கடைசி விதியில்தான் புதுமை இருந்தது என்பது நம் கருத்து. காலி இருக்கையின் சுமையைப் பயணியின் மேலும் ஓட்டுநரின் மேலும் வைக்காமல், வண்டி விடுபவர் தாமே ஏற்றுக்கொண்டார். வண்டி வரும் என்ற நம்பிக்கையோடு தெருவில் நிற்கலாம் என்ற நிலை அன்று பிறந்தது. பாஸ்கலின் தமக்கை கில்பெர்த் அந்த வாரமே எழுதிய மடலில், தாம் ஏற விரும்பிக் காத்து நின்றதையும், ஐந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து சென்றதால் இடம் கிடைக்காததையும் சற்று மனக்குறையோடு குறிப்பிடுகிறார். நிறைந்து செல்லும் பேருந்தை நோக்கிப் பெருமூச்சு விட்டவர்களின் வரிசையில் முதலாமவர் அந்த அம்மையாராகவே இருக்கக்கூடும்!

ஆனால் அவ்வண்டியில் எல்லாரும் ஏற முடியவில்லை. மன்னரின் பத்திரத்தைப் பதிவு செய்த பாரிஸ் உயர் நீதிமன்றம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. படைவீரர், பணியாட்கள், சீருடை அணிந்த ஏவலர், கைவேலை செய்யும் கூலியாட்கள் ஆகியோர் ஏறக்கூடாது. நகரத்துக் கண்ணியவான்களின் வசதிக்காகவாம்! எல்லாருக்கும் என்று தொடங்கிய வண்டியின் கதவில் முதல் ஆண்டிலேயே தாழ்ப்பாள் விழுந்தது. சில காலம் சென்றபின் கட்டணமும் ஆறு சூ ஆயிற்று. ஆரவாரத்தோடு தொடங்கிய சேவை மெல்ல நலிந்து, அந்த நூற்றாண்டு முடியும் முன்னரே மறைந்துபோயிற்று.

மீண்டும் அத்தகைய வண்டி பாரிஸ் தெருக்களில் ஓடுவதற்கு 1828 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாந்த் நகரில் அதைத் தொடங்கி வெற்றி கண்ட ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் தலைநகருக்கும் கொண்டுவந்தார். ‘எல்லாருக்கும்’ எனப் பொருள்படும் ‘ஓம்னிபஸ்’ என்னும் இலத்தீன்ச் சொல்லே அதன் பெயராயிற்று. அச்சொல்லின் வாலைத்தான் உலகம் ‘பஸ்’ என்று பிடித்துக்கொண்டது. இம்முறை தாழ்ப்பாள் இல்லை. 1855-இல் பல நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1900 ஜூலை 19-இல் நிலத்தடி மெத்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. 1913 ஜனவரியில் கடைசிக் குதிரைப் பேருந்து விடைபெற்றது. மெத்ரோவில் முதல் வகுப்பு என்ற வேற்றுமை மட்டும் 1991 வரை நீடித்தது. தாழ்ப்பாள்கள் மெல்லத்தான் தேய்கின்றன.

காலி இருக்கையின் கணக்கு இதற்குள் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது. விடியற்காலையில் இருவரை ஏற்றிச் செல்லும் பேருந்து பயணச்சீட்டுப் பணத்தால் மட்டும் ஓட இயலாது. 1971 ஜூலை மாதத்துச் சட்டம் ஒன்று, பாரிஸ் வட்டாரத்தில் ஒன்பது பேருக்குமேல் வேலைக்கு வைத்திருப்போர் தாம் கொடுக்கும் ஊதியத்தின் அளவுக்கேற்பப் போக்குவரத்துக்கென வரி செலுத்தவேண்டும் என்று விதித்தது. தொழிலாளி வேலைக்கு வந்து சேர்வதால் பயனடைபவர் முதலாளியும்தானே? அவரும் வண்டிச் செலவில் பங்கு ஏற்கட்டும் என்பது அதன் நியாயம். வரியைப் பற்றிய செய்தி எவருக்கும் இனிப்பதில்லை. எனினும் பாஸ்கலின் விதிக்கு நெருங்கிய உறவுடைய சட்டம் இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

டாக்சியின் கதை வேறு. கட்டணம் காட்டும் ‘டாக்சிமீட்டர்’ கருவியிலிருந்து பெயர் பெற்ற அவ்வண்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் தெருக்களில் பெருகியது. வண்டி நிறுவனத்துடையது, ஓட்டுநர் தம் கையிலிருந்து எரிபொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பென்சால் என்னும் எரிபொருளின் விலை ஏறியபோது அச்சுமை ஓட்டுநர்மேல் விழுந்தது. 1911 நவம்பரில் அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டு வசந்த காலம் வரை நீடித்துத் தோல்வியில் முடிந்தது. அதே டாக்சிகள் 1914 செப்டம்பர் 6, 7 நாட்களில் வேறொரு புகழைப் பெற்றன. தளபதி கலியேனியின் ஆணைப்படி ஏறத்தாழ 600 டாக்சிகள் படைவீரர்களை மார்ன் போர்முனைக்கு ஏற்றிச் சென்றன. போரின் போக்கை அவை பெரிதாக மாற்றவில்லை என்றே வரலாற்றாசிரியர் கூறுவர். மக்கள் மனத்தில் எழுந்த ஊக்கம் பெரிது. மீட்டர்கள் அப்போதும் ஓடின. மீட்டர் காட்டிய தொகையில் 27 விழுக்காட்டை அரசு கொடுத்தது. 1662-இல் ஐந்து சூ வண்டியில் படைவீரனுக்கு இடமில்லை. 1914-இல் அவனுக்கென்று வண்டி தேடிவந்தது, களத்துக்குக் கொண்டுபோவதற்காக.

போருக்குப்பின், புரட்சியிலிருந்து தப்பி வந்த இரசியர் பலர் பாரிசில் டாக்சி ஓட்டிப் பிழைத்தனர். 1930-களின் பொருளாதார நெருக்கடியிலோ வண்டிகள் மிகுந்தன, பயணிகள் குறைந்தனர், ஓட்டுநர் பசித்தனர். எனவே 1937-இல் டாக்சிகளின் எண்ணிக்கை 14,000 என்று வரையறுக்கப்பட்டது. நின்று காத்திருக்கும் ஓட்டுநரைப் பட்டினியிலிருந்து காக்க எழுந்த வேலி அது. அதனை இகழ நமக்கு மனமில்லை. ஆனால் வேலி நகரோடு சேர்ந்து வளரவில்லை. புறநகர்கள் பெருகின, மக்கள் வாழ்வு மாறியது, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் டாக்சிகள் ஏறத்தாழ 15,000 அளவிலேயே நின்றன. ஆக, காத்திருக்கும் சுமை பயணிக்கு மாறியது. மழையிரவில் கையை உயர்த்தி நின்றவரும், டாக்சி வர விரும்பாத புறநகர்வாசியும் அதைச் சுமந்தனர். அரசு விலையின்றி வழங்கிய உரிமம் கைமாறும்போது இரண்டு லட்சம் யூரோவுக்கும் மேல் விலைபோயிற்று. புதிதாக வந்த ஓட்டுநர் கடன்பட்டு அதை வாங்கினார். அதுவே அவரது முதுமைக்கால வைப்பு நிதியாகவும் இருந்தது. 1960-இல் ருவெஃப், அர்மான் என்போரின் அறிக்கை இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைக் குறை கூறியது. 2008 ஜனவரியில் அத்தாலி குழுவின் அறிக்கையும் அதையே கூறியது. டாக்சி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தனர், அரசு பின்வாங்கியது.

அதே 2008-ஆம் ஆண்டு டிசம்பரில், பாரிசில் ஒரு மாநாட்டுக்கு வந்த இருவர் டாக்சி கிடைக்காமல் திண்டாடியபோதுதான் ‘ஊபர்’ என்னும் எண்ணம் உதித்தது என்று அந்நிறுவனம் தன் தோற்றக் கதையைச் சொல்லிவருகிறது. கதையில் மெருகு கூடியிருக்கலாம். எனினும், 2011 டிசம்பரில் அமெரிக்காவுக்கு வெளியே அது முதன்முதலாகக் கால்வைத்த நகரம் பாரிஸ் என்பது உண்மை. 2014-இல், உரிமம் இல்லாத எவரும் தம் சொந்தக் காரில் பயணிகளை ஏற்றலாம் என்ற மலிவுச் சேவையையும் அது தொடங்கியது. 2015 ஜூன் 25 அன்று டாக்சி ஓட்டுநர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர், டயர்கள் எரிந்தன, வண்டிகள் கவிழ்க்கப்பட்டன. ஜூலைத் தொடக்கத்தில் அம்மலிவுச் சேவை நிறுத்தப்பட்டது. தொழில்முறை ஓட்டுநரைக் கொண்ட செயலி வண்டியோ நிலைத்து நின்றது. கடன்பட்டு வாங்கிய டாக்சி உரிமங்களின் விலை சரிந்தது.

இங்கே நியாயம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. செயலி வண்டியின் ஓட்டுநரில் பலர் பாரிசின் வறிய புறநகர்களைச் சேர்ந்த இளைஞர்கள், குடியேறிகளின் மக்கள், பெயரையும் முகவரியையும் கண்டதுமே வேலை மறுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு இரண்டு லட்சம் யூரோ உரிமம் எட்டாக்கனி. செயலி அவர்களுக்குக் கதவைத் திறந்தது. கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, சொந்தத் தொழிலர் என்ற பெருமையோடு அமர்ந்தனர். இதை மறைத்துவிட்டுச் செயலியைச் சாடுவது நேர்மையாகாது.

ஆனால் பழைய கணக்கு இப்போது எங்கே எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பயணி காத்திருப்பது சில நிமிடங்களே. நிறுவனத்துக்குச் சொந்த வண்டி இல்லை. ஆதலால் காலி வண்டியால் அதற்கு இழப்பில்லை. வண்டியின் கடன் தவணை, எரிபொருள், காப்பீடு, அழைப்பு வராத மணிநேரங்கள் ஆகிய அனைத்தும் ஓட்டுநரைச் சாரும். பயணியை விரைவில் அடைய வேண்டுமானால் தெருவெங்கும் வெறும் வண்டிகள் காத்து நிற்க வேண்டும். நமக்குக் கிடைக்கும் அந்த விரைவு, பெரும்பாலும் வேறொருவர் கூலியின்றிக் காத்து நின்றதன் பயன். 2020 மார்ச் 4-இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தம் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்காத, தமக்கென வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ளவும் இயலாத ஓர் ஓட்டுநரின் ‘சுயதொழில்’ வெறும் கற்பனை என்றும், அவர் பணியாளரே என்றும் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நிறுவனங்களோடு ஏற்பட்ட உடன்பாடு, ஒரு பயணத்துக்குக் குறைந்தது 7.65 யூரோ என்று நிர்ணயித்தது. பயணத்துக்குத்தான், பயணத்தை எதிர்நோக்கி நின்ற நேரத்துக்கு அன்று.

அந்நேரத்தையும் கணக்கில் சேர்க்க முயன்ற நகரம் ஒன்று உண்டு. நியூயார்க் நகர ஆணையம் 2018 டிசம்பரில் வகுத்த விதி, செலவு போக மணிக்கு 17.22 டாலர் கிடைக்குமாறு கட்டணத்தைக் கணக்கிட்டது; வண்டி எவ்வளவு நேரம் காலியாக நிற்கிறது என்பதும் சூத்திரத்தில் இடம்பெற்றது. விளைவு என்ன? தேவை குறைந்த வேளைகளில் நிறுவனங்கள் ஓட்டுநரைச் செயலிக்குள் நுழையவிடாமல் பூட்டின! காத்திருப்பதற்குக் கூலி உண்டென்றதும் காத்திருக்கும் இடமே மறுக்கப்பட்டது.

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை நாம் மறையுரையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். இறைவனின் தாராளத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசினோம். மாலை ஐந்து மணிவரை சந்தையில் நின்றவர்கள் சோம்பேறிகளல்லர், தங்களை எவரும் அழைக்கவில்லை என்று அவர்கள் சொன்ன மறுமொழி நம் செவியில் தாமதமாகவே விழுந்தது. நிலக்கிழார் அவர்கள் உழைத்த ஒரு மணிக்கு மட்டும் கூலி கொடுத்திருந்தால் அன்றிரவு அவர்கள் வீட்டில் உலை கொதித்திராது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், இருவரும் இசைந்த கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது என்று கற்பித்தார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், நேரே கூலி கொடுப்பவரைத் தவிர, அவர் கொடுக்கும் நிலைமைகளை உருவாக்கும் அமைப்புகளையும் ‘மறைமுக முதலாளி’ என்று சுட்டினார். கைப்பேசியில் மலிவான வண்டியைத் தேடும் பயணி அதில் எவ்வளவு தூரம் அடங்குவார்? நாமும் அவசரத்துக்கு அத்தகைய வண்டியில் ஏறியவர்தாம். இக்கேள்வியை எழுதும்போது சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

பாஸ்கலின் கதையில் ஒன்றைச் சொல்லாது விட்டோம். அந்தக் குளிர்காலத்தில் புளுவா நகரத்து ஏழைகள் பசியால் வாடினர். வண்டித்தொழிலில் தமக்கு வரவிருந்த பங்கின்பேரில் ஆயிரம் பிராங்கு முன்பணம் பெற்று அவர்களுக்கு அனுப்ப விரும்பினார் பாஸ்கல். தொழில் நிலைபெறுமா என்பது தெரியாது, ஓராண்டு பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார் தமக்கை. இழப்பு நேர்ந்தால் தம் சொத்திலிருந்து ஈடுசெய்வதாகவும், ஏழைகளின் தேவையோ தள்ளிப்போடக் கூடியதன்று என்றும் பாஸ்கல் விடையிறுத்தார். ஆனால் பேச்சுவார்த்தை கைகூடவில்லை. அந்தப் பணம் கிடைக்கவில்லை. முதல் வண்டி புறப்பட்ட ஐந்தாம் மாதம், 1662 ஆகஸ்டு 19 அன்று, தம் 39-ஆம் வயதில் அவர் இறந்தார். வண்டிகளில் தமக்கிருந்த உரிமையில் ஒரு பகுதியைப் பாரிஸ், கிளெர்மோன் நகரங்களின் ஏழையர் மருத்துவமனைகளுக்கு எழுதிவைத்திருந்தார்.