பெண்ணையாற்றுப் பாதையில்

சென்ற வாரம் திருவண்ணாமலையில் நிறுத்திய நம் யாத்திரை, இவ்வாரம் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. இவ்வழியே மோட்டாரில் செல்வோரிற் பெரும்பாலோர், 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் இறங்கி, முதலைப் பண்ணையைச் சுற்றிப் பார்த்து, வறுத்த மீனை ருசித்துவிட்டு, கல்வராயன் மலை அருவிகளை நினைத்தபடி வண்டியை விரட்டுகிறார்களாதலால், இடையிலுள்ள கிராமங்களின் சரித்திரம் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை.

தண்டராம்பட்டு வட்டத்து எடுத்தனூர் அத்தகைய கிராமங்களில் ஒன்று. அவ்வூர் நடுகல்லில் வட்டெழுத்தில் பொறித்த சாசனம், பல்லவன் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வாண அரசரின் உறவினரான பொற்றொக்கையாரிடம் சேவகம் புரிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன், எருமை மந்தையைக் காக்கப் பொருது மடிந்தான் என்பது அதன் சாரம். ஆயினும் அக்கல்லை நாம் மறக்கவொண்ணாதபடி செய்வது அவ்வீரனன்று. அவனருகே செதுக்கப்பெற்றிருக்கும் நாய். கோவிவன் என்ற அதன் பெயரையும், இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அதன் செயலையும் சாசனம் எழுதியவர் விடாமல் குறித்திருக்கிறார். மண்டகப்பட்டிலும் திருச்சி மலையிலும் தன் விருதுப் பெயர்களைப் பொறித்துக்கொண்ட மகேந்திரன், இங்கே காலத்தைக் குறிக்க மட்டுமே பயன்படுகிறான் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். இவ்வட்டாரத்து நடுகற்களைத் தேடித் தொகுத்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக 1972-இல் தமிழகத் தொல்பொருள் ஆய்வுத்துறை வெளியிட்டது.

ஆற்றங்கரை ஊரான மூங்கில்துறைப்பட்டில் முதலில் வரவேற்பது, கள்ளக்குறிச்சி முதலாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் புளித்த பாகு வாடை. அரவைப் பருவமாயின், கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்களின் பின்னே பொறுமையாக ஊர்ந்து செல்வதன்றி வேறு மார்க்கமில்லை. கோடையில் மணற்பரப்பாய்ச் சாதுவாகக் கிடக்கும் பெண்ணை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டிச் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, அகரம்பள்ளிப்பட்டில் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த மேம்பாலத்தைத் தகர்த்துச் சென்றது.

அவகாசமுள்ளவர்கள் இங்கிருந்து நதியோடு கிழக்கே திரும்பலாம். தை 5-ஆம் நாள் அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மணலூர்ப்பேட்டையைக் கடந்தால், மலையமான்களின் திருக்கோவலூர். பாரி மாண்டபின் அவன் மகளிருக்கு ஆதரவு தேடி அலைந்த கபிலர், இவ்வாற்றின் நடுவே நிற்கும் சிறு பாறையில் உயிர் நீத்தார் என்பர். வடக்கிருந்து மாண்டார் என்று பழைய இலக்கிய மரபு கூற, ராஜராஜ சோழன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில் சாசனமோ, பாரியின் மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்கிறது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தவளாதலின், தாய்வீட்டுப் பெருமையைப் பாடவந்த சாசனத்தில் ஆயிரம் ஆண்டு முந்திய புலவரின் மரணமும் இடம்பெற்றது வியப்பன்று. எவ்வாறு மாண்டார் என்ற விவாதத்தைப் புலவர்களிடம் விட்டுவிட்டு, அப்பாறைமேல் நிற்கும் சின்னஞ்சிறு கோயிலை மட்டும் தவறாமல் பார்த்து வாருங்கள்.

திரும்பி வந்து தெற்கே சங்கராபுரம், அப்பால் மரச்சிற்பத்துக்குப் பேர்போன கள்ளக்குறிச்சி, பிறகு கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று பாதை விரைந்து ஓடி, கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்குகிறது. சாமையும் கடுக்காயும் விளையும் இம்மலைக்கு மேகம், பெரியார் முதலிய அருவிகளுக்காக வருவோர் பலர். ஆயினும் சரித்திர மாணவனுக்கு வேறொரு விஷயம் உண்டு. சமவெளியில் ஜமீன்தாரி முறையை ஒழிக்க 1948-லேயே சட்டம் வந்துவிட்டிருக்க, இம்மலையிலோ சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் அதிகாரம், 1976-இல் அரசாங்கம் கையேற்கும் வரையில் நீடித்தது. விஜயநகர மன்னர் மானியமாக ஈந்தது என்று அவர்கள் உரிமை பாராட்டிய அந்த ஜாகீர்களின் வரலாற்றை அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.