ஈரல் நொதி அறிக்கை: தடித்த எழுத்தும் தப்பும் நோயும்

ஈரல் பரிசோதனை அறிக்கையில் மேல்வரம்பைத் தாண்டிய எண் தடித்த எழுத்தில் அச்சாகிறது. நோயாளி மட்டுமல்ல, வரிசை நீண்டு கிடக்கும் நாளில் மருத்துவரும் அந்தத் தடித்த எழுத்தைத்தான் முதலில் பார்க்கிறார். இந்த வாசிப்பு இரு பக்கமும் தவறுகிறது என்பதே என் வாதம். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் செல்களுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் சிதையும்போது இரத்தத்தில் கசிகின்றன. ஆகவே அவற்றின் அளவு நடப்புச் சிதைவின் வேகத்தைக் காட்டும். வேலை செய்யும் ஈரல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அவை அளப்பதில்லை.

அதிலும் எஸ்.ஜி.ஓ.டி. ஈரலுக்கு மட்டும் உரியதன்று. 1954இல் லடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் ஆகிய மூவரும் அதன் உயர்வை அறிவித்தது மாரடைப்பு நோயாளிகளிடம். எலும்புத்தசையிலும் சிவப்பணுவிலும்கூட அது உண்டு. கடும் உடற்பயிற்சிக்கு மறுநாள் அது கூடியிருந்தால் முதலில் தசையைச் சந்தேகிக்க வேண்டும்.

மேல்வரம்பு எப்படி வந்தது? நலமானவர்கள் என்று கருதப்பட்டோரின் அளவுகளில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டை எடுத்து வகுத்தார்கள். அந்த ‘நலமானவர்’களில் வெளியே தெரியாத கொழுப்பு ஈரல்காரர்களும் இருந்தார்கள். 2002இல் இத்தாலியில் பிராத்தியும் உடன் ஆய்வாளர்களும் அத்தகையோரை விலக்கிக் கணக்கிட்டபோது, எஸ்.ஜி.பி.டி.யின் மேல்வரம்பு ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என இறங்கியது. பல ஆய்வகங்கள் இன்னும் 40ஐ ஒட்டியே அச்சிடுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஈரலின் நார்த்திசு வளர்ச்சியைக் கணிக்கும் ஃபிப்-4 என்னும் குறியீடு 2006இல், எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து தொற்றியவர்களுக்காக உருவானது. இன்று கொழுப்பு ஈரலிலும் பயன்படுகிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். ஆயிரத்தால் வகுத்த தட்டணு எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வரும் தொகையால் முன்னதை வகுக்க வேண்டும். வயது 60, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணுக்கள் 1,20,000 என்று கொள்வோம். நொதி இரண்டும் ஆய்வகம் அச்சிடும் வரம்புக்குள். ஈரல் பக்கத்தில் ஒரு தடித்த எழுத்தும் இல்லை. விடையோ 3.33. 2.67ஐத் தாண்டினால் முற்றிய நார்த்திசு வளர்ச்சியைச் சந்தேகிப்பது வழக்கம். மாறாக, வயது 40, எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 100, தட்டணுக்கள் 2,50,000 உள்ளவருக்கு விடை 0.96, 1.3க்குக் கீழே என்பதால் முற்றிய நார்த்திசுவுக்கு வாய்ப்புக் குறைவு. அவருக்கும் காரணம் தேடத்தான் வேண்டும். ஆனால் கலங்கி நிற்பவர் அவர். நிம்மதியாக வீடு திரும்புபவர் முதலாமவர்.

நொதி இறங்குவதைப் படிப்பதில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. கடும் ஈரல் செயலிழப்பில் ஆயிரங்களில் நின்ற எஸ்.ஜி.பி.டி. இரண்டொரு நாளில் சரியும்போது, உறவினர்கள் பெருமூச்சு விடுவார்கள். கூடவே இரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறி, காமாலை நிறமியான பிலிருபினும் கூடினால் அது மீட்சியன்று. கசிய இனிச் செல்களே இல்லை என்று பொருள்படலாம். உறைதல் காரணிகளை உருவாக்குவது ஈரல் என்பதால், மிஞ்சிய திறனைச் சொல்வது ஐ.என்.ஆர்.தான். நாள்பட்ட நோயில் ஈரல் உருவாக்கும் புரதமான அல்புமினும் துணைக்கு வரும். நொதி இறங்கி ஐ.என்.ஆர்.உம் சீரானால் மட்டுமே அது நற்செய்தி. ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலையில் பெரும்பாலும் அப்படித்தான், சில வாரங்களில் தானாகவே நடக்கிறது. அந்த இறக்கத்தைக் கீழாநெல்லியின் கணக்கில் எழுதுவதும் மாத்திரையின் கணக்கில் எழுதுவதும் ஒரே பிழை.

ஃபிப்-4க்குத் தனிச் சோதனை வேண்டாம். தேவையான எண்களெல்லாம் வழக்கமான இரத்தப் பரிசோதனைகளிலேயே இருக்கின்றன. ஆய்வகங்கள் அதையும் அச்சிடலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் அதை ஆதரிக்கிறேன், ஆனால் நிபந்தனையோடு. 35 வயதுக்குக் கீழே அது நம்பகமற்றது. 65க்கு மேலே 1.3 என்ற கீழ்வரம்பை 2.0 ஆக உயர்த்திப் படிக்க வேண்டும். டெங்குவில் தட்டணு சரியும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், அந்த வாரத்து இரத்தத்தில் கணக்கிட்டால் நல்ல ஈரலும் முற்றிய நோயாகத் தெரியும். ஆகவே காய்ச்சல் விட்டுச் சில வாரங்கள் கழித்து எடுத்த இரத்தத்தில்தான் அதைக் கணக்கிட வேண்டும்; அச்சிடும் ஆய்வகம் இந்த எச்சரிக்கையையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.