கடன் கொடுப்பவரின் வக்கீல்

இங்கிலாந்தில் வீடு வாங்கக் கடன் கேட்பவரிடம், வட்டி ஒத்துவந்து சொத்து மதிப்பீடும் முடிந்த பிறகு, ஒரு கேள்வி வரும்: உங்கள் சொலிசிட்டர், அதாவது பத்திரம் பார்க்கும் வக்கீல், எங்கள் பேனலில் (நாங்கள் அங்கீகரித்த வக்கீல்களின் பட்டியலில்) இருக்கிறாரா? இல்லையென்றால் அவரை விட்டுவிட்டுப் பேனலில் உள்ள ஒருவரைப் பிடிக்க வேண்டும். விட மனமில்லையென்றால், கடன் கொடுக்கும் நிறுவனம் தனக்கென்று அமர்த்தும் இன்னொரு வக்கீலின் கட்டணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இது வங்கிகள் அண்மையில் கொண்டுவந்த கெடுபிடி, வாங்குபவரின் பழைய உரிமை பறிபோய்விட்டது என்று அங்கே குறைப்படுகிறவர்கள் உண்டு. வரலாறு அதற்கு ஒத்துப்போகவில்லை. அடமானம் வைத்த இடங்களில் பத்திரம் பார்த்த வக்கீல் நெடுங்காலம் கடன் கொடுப்பவரின் ஆளாகத்தான் இருந்தார். வாங்குபவர் தன் விருப்பப்படி ஒருவரை அமர்த்திக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில் வாய்த்த ஓர் இடைக்காலம். உண்மையில் மாறியிருப்பது ஒன்றே ஒன்று. முன்பு கடன் கொடுப்பவர் வக்கீலிடம் அறிவைத் தேடினார். இப்போது அவருடைய காப்பீட்டைத் தேடுகிறார்.

இதன் வேர் இங்கிலாந்தின் நில ஒளிவுமறைவில் இருக்கிறது. நிலக் கைமாற்றங்களைப் பதிய வைக்க 1536-ல் வந்த சட்டத்தை, சில தலைமுறைகளுக்குள் வக்கீல்கள் சுற்றுவழி கண்டு செல்லாக்காசாக்கினார்கள். 1704 முதல் 1736 வரை யார்க்‌ஷயரின் மூன்று பிரிவுகளிலும் மிடில்செக்ஸிலும் பத்திரப் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த ஏற்பாடும் இல்லை. யாருடைய நிலத்தில் என்ன வில்லங்கம் என்பதைப் பெட்டிக்குள் கிடக்கும் பத்திரக் கட்டைப் பிரித்துப் படித்தவரே அறிவார். அதைப் படிக்கத் தெரிந்தவரிடம்தான் எந்த விதவையின் பணம் சும்மா இருக்கிறது, எந்தப் பண்ணைக்காரருக்கு அவசரமாகக் கடன் வேண்டும் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் ‘ஸ்கிரிவனர்’ எனப்பட்ட பத்திர எழுத்தர்கள் இந்த இரண்டையும் ஒரே மேசையில் செய்தார்கள். கவிஞர் மில்டனின் தந்தை அப்படி ஒரு எழுத்தர். பத்திரமும் எழுதினார், வட்டிக்குப் பணமும் விட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வேலை அட்டர்னிகள் எனப்பட்ட வெளியூர் வக்கீல்களின் கைக்கு மாறியது. லங்காஷயர் போன்ற இடங்களில் ஊர்ப் பணத்தை ஊர் நிலத்தின் மேல் கடனாகச் செலுத்தியவர்கள் அவர்கள்தான். 1804-ல் அரசு அட்டர்னிகள் மீதான வரியை உயர்த்தியபோது, அதற்குக் கைம்மாறுபோல, தகுதி பெறாதவர்கள் கூலிக்குப் பத்திரம் எழுதக் கூடாது என்ற ஏகபோகமும் அவர்களுக்குக் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் வக்கீல் யார் பக்கம் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. பணத்தின் சொந்தக்காரரே அவருடைய நிரந்தர வாடிக்கையாளர். கடன் வாங்குபவர் வந்துபோகிறவர். ஆனால் செலவு கடன் வாங்குபவருடையது. 1881-ன் கட்டணச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விகித அட்டவணை, அடமானம் வாங்குபவரின் வக்கீலுக்கும் வைப்பவரின் வக்கீலுக்கும் தனித்தனிக் கட்டணம் வகுத்தது. கடனைப் பேசி முடித்ததற்கென்றே அடமானம் வாங்குபவரின் வக்கீலுக்கு ஒரு விகிதம் அதில் இருந்தது. தரகு வேலை சட்டத் தொழிலின் பகுதியாகவே எண்ணப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. மூலப் பத்திரங்களும் கடன் தீரும்வரை கடன் கொடுத்தவரின் பெட்டியில்தான் இருந்தன. பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும் என்று 1783-ல் ரஸ்ஸல் வழக்கில் சான்சரி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கொள்கை 1882-ன் சொத்து மாற்றுச் சட்டத்தின் வழியாகச் சென்னைக்கும் வந்தது. இன்று நம்மூர் வங்கிகள் மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தங்கள் பேனல் வக்கீலிடம் கருத்துரை கேட்பதற்கும் முன்னோர் அங்கேதான் இருக்கிறார்கள்.

பின் அந்த இடைக்காலம் எப்படி வந்தது? பில்டிங் சொசைட்டிகளால். 1775 வாக்கில் பர்மிங்ஹாமில் ஒரு மதுக்கடையில் கூடிய சிறு கூட்டத்திலிருந்து தொடங்கிய இந்தச் சங்கங்கள், இரு உலகப் போர்களுக்கு இடையே சாமானியக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் தரும் முதன்மை நிறுவனங்களாகிவிட்டன. அவற்றுக்குப் பணம் ஊர்ச் சேமிப்பிலிருந்து வந்தது. சேமிப்பாளர்களை அழைத்துவந்தவர்களில் உள்ளூர் சொலிசிட்டர்களும் உண்டு. வீட்டுக் கடனோ சிறு தொகை, எண்ணிக்கையோ ஏராளம். ஒரே வீட்டுக்கு இரண்டு வக்கீல்கள் தனித்தனியாகப் பத்திரம் பார்த்தால் அந்தக் கடன் கட்டுபடியாகாது. ஆகவே வாங்குபவரின் வக்கீலே சங்கத்துக்காகவும் பார்க்கலாம் என்று ஏற்பாடாயிற்று. சங்கத்திடம் ஒரு பட்டியல் இருந்தாலும் உள்ளூரில் பெயருள்ள எவரும் அதில் இருப்பார். வாங்குபவரின் உரிமை என்று இன்று சொல்லப்படுவது இந்தச் சிக்கனத்தின் உடன்விளைவு. அதை யாரும் கேட்டுப் போராடிப் பெறவில்லை.

1970-களிலிருந்து இந்த ஏற்பாட்டின் கால்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. விகிதக் கட்டணம் 1972-ன் ஆணையோடு போயிற்று. 1985-ன் சட்டம் சொலிசிட்டர் அல்லாத உரிமம் பெற்ற பத்திரத் தொழில்முறையாளர்களை உருவாக்கி, 1804-ன் ஏகபோகத்தை முடித்தது. 1990 டிசம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும், விற்கப்படும் நிலத்தைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. அதுவரை உரிமையாளரின் அனுமதியின்றிப் பார்க்க முடியாதிருந்த நிலப் பதிவேடும் அதே மாதம் எல்லோருக்கும் திறந்தது. பத்திரக் கட்டைப் பிரிக்கும் வித்தையின் அரிய மதிப்பு அத்தோடு குறைந்தது. அப்படியானால் அங்கீகரித்த வக்கீல் என்ற ஏற்பாடும் தளர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பத்திரம் படிப்பது எளிதான அந்த ஆண்டுகளில்தான் பட்டியல் இறுகத் தொடங்கியது.

காரணம் வீட்டு விலை வீழ்ச்சி. 1991-ல் மட்டும் சுமார் 75,500 வீடுகளைக் கடன் கொடுத்தவர்கள் கைப்பற்றினார்கள். விற்றுக் கிடைத்தது கடனுக்குப் போதவில்லை. வாங்கியவரிடம் பணமில்லை; வக்கீலிடம் கட்டாயத் தொழில் காப்பீடு இருந்தது. கடன் நிறுவனங்கள் பழைய கோப்புகளைத் தோண்டின. பவர்மன் வழக்கில், 2,20,000 பவுண்டுக்கு விற்கப்படும் வீட்டை விற்பவரே 1,50,000-க்குத்தான் வாங்குகிறார் என்பது வக்கீலுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கடன் கொடுப்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996-ல் முடிவான மோத்யூ வழக்கில், வாங்கியவர்கள் ஒரு வங்கிக்குத் தர வேண்டிய 3,350 பவுண்டையும் அதே வீட்டின் மேல் ஈடாக வைக்கவிருந்ததை வக்கீல் கவனக்குறைவால் எழுதாமல் விட்டார். கவனக்குறைவு துரோகம் ஆகாது என்று நீதிபதி மில்லட் அங்கே கோடு கிழித்தார். அந்தக் கோடு வக்கீலைத் துரோகப் பழியிலிருந்துதான் காத்தது. கவனக்குறைவுக்கான இழப்பீட்டு வாய்ப்பு அப்படியே நின்றது. 1999-ல் கடன் கொடுப்போர் கையேடு வந்தது. முதல் பகுதி எல்லாருக்கும் பொது, இரண்டாம் பகுதி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி. எதைப் பார்க்க வேண்டும், எதை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அதில் வரிவரியாக இருக்கிறது. ஒரு வரி தவறினால் வழக்குக்கு ஆதாரம் தயார். 2008 நெருக்கடிக்குப் பின் பட்டியல்கள் மேலும் சுருங்கின. 2012 தொடக்கத்தில் எச்எஸ்பிசி வங்கி தன் பேனலை 43 வக்கீல் நிறுவனங்களாகக் குறைத்தபோது, சொலிசிட்டர்களின் அமைப்பான சட்டச் சங்கமே எதிர்ப்புக் குரல் எழுப்பியது.

பட்டியல் காப்பீட்டைத் தேடுவதற்கே என்ற இந்த வாதத்துக்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் வலுவானது மோசடி பற்றியது: கோடிக்கணக்கில் பணம் வக்கீலின் கணக்கு வழியாகப் போகும்போது அவர் யாரென்று சோதிப்பதில் என்ன தவறு? தவறேதுமில்லை. திருட்டு வக்கீல்களும் இருந்திருக்கிறார்கள், சோதனை அவர்களில் சிலரைத் தடுத்துமிருக்கும். ஆனால் மார்க்கண்டன் அண்டு உதீன் வழக்கைப் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவரே பணித்த அந்த வக்கீல் நிறுவனம், விற்பவரின் வக்கீல் என்று நடித்த போலிக் கிளை அலுவலகத்துக்கு 7,42,500 பவுண்டை அனுப்பி ஏமாந்தது. மோசடியைப் பட்டியல் தடுக்கவில்லை. இழப்பை யார் தலையில் கட்டுவது என்பதற்கு மட்டும் விடை வைத்திருந்தது. அந்த நிறுவனம் ஈடுகட்ட வேண்டும் என்று 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு மறுப்பு, ஒரே வக்கீல் என்றால் வாங்குபவருக்கும் செலவு மிச்சம், இருவருக்கும் வேண்டியது வில்லங்கமற்ற சொத்துதானே என்பது. பெரும்பாலான நேரம் இது சரி, சிக்கனம் மெய்தான். விலை, மதிப்பீடு, முன்பணம் எங்கிருந்து வந்தது என்ற மூன்றில்தான் நலன்கள் பிரிகின்றன. வழக்குகள் கிளம்பியதும் அங்கேயே. அந்தத் தருணத்தில் வாங்குபவர் நம்பிச் சொன்னதைக் கடன் கொடுப்பவரிடம் சொல்ல வேண்டும், அதற்கு அவர் ஒப்பாவிட்டால் வக்கீல் விலகிக்கொள்ள வேண்டும். வக்கீலின் கட்டணத்தைக் கட்டியவர் வாங்குபவர் என்பது அங்கே கணக்கில் வராது.

இருக்கும் வீட்டுக் கடனை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வக்கீல் யாருடைய ஆள் என்பது இன்னும் வெளிப்படை. வேலை சிறியதுபோலத் தெரியும்: பழைய கடனைத் தீர்ப்பது, புதிய அடமானத்தைப் பதிவது. ஏஐபி வங்கி வழக்கில் 33 லட்சம் பவுண்டுக் கடனிலிருந்து பார்க்ளேஸ் வங்கியின் இரண்டு கணக்குகளையும் தீர்க்க வேண்டிய வக்கீல்கள் ஒன்றைத்தான் முழுதாகத் தீர்த்தார்கள். சுமார் 3,09,000 பவுண்டு பார்க்ளேஸின் முதல் ஈடாக நின்றுவிட்டது. ஏஐபி முழு நட்டத்தையும் வக்கீல்களிடம் கேட்டது. உச்ச நீதிமன்றம் 2014-ல், அவர்களின் தவறால் விளைந்த 2,73,777 பவுண்டை மட்டுமே தர வேண்டும் என்று நிறுத்தியது. இத்தகைய மாற்றங்களில் இப்போது ‘இலவசச் சட்டச் சேவை’ என்று ஒன்றைக் கடன் கொடுப்பவர்களே தருகிறார்கள். வக்கீலை அவர்களே தேர்ந்தெடுத்து, கட்டணமும் அவர்களே கட்டுகிறார்கள். பல ஏற்பாடுகளில் அந்த வக்கீல் அவர்களுக்காக மட்டுமே வேலை செய்கிறார். வீட்டுக்காரருக்கு ஆலோசனை வேண்டுமென்றால் தன் கைக்காசில் தனியே இன்னொருவரைப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தோடு வரும் தாளில் அதுவும் எழுதியிருக்கிறது.