அடகு மேல் அடகு



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், கிரிப்டோ டோக்கனை வட்டிக்கு விட்டு, அதை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி, கடனையும் வட்டிக்கு விடலாமாம். அப்பா ரிட்டயர்மென்ட் பணம் இருக்கிறது. போடவா?"

முதலில் கணக்கு. நம் வடக்குத்தில் அடகு ரசீது பார்க்காத வீடு குறைவு. 100 ரூபாய் ஈட்டுக்கு 75 ரூபாய் கடன். அந்த 75-ஐ ஈடாக்கினால் 56. இப்படியே சுற்றினால் கடைசியில் 400 ரூபாய் ஈடு, 300 ரூபாய் கடன். வரும் வட்டி 5 சதவீதம், கட்டும் வட்டி 4 என்றால் 20-இல் 12 போக 8 மிச்சம். 5 ரூபாய் 8 ஆனது! ஆனால் ஈட்டின் விலை கால் பங்கு இறங்கினால் 400 என்பது 300. கடனைக் கட்டினால் நம் 100 காலி.

இனி சரித்திரம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் சொந்த முதலோடு உறவினர் டெபாசிட், வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து, நெல் வயலை ஈடாக வாங்கி விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள். நாணயமான தொழில்தான். 1930-இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938-இல் 25. விற்றால் வாங்க ஆளில்லை. பிறகு போர், 1948-இல் நில தேசியமயச் சட்டம்.

2020 ஜூனில் காம்பவுண்ட் என்ற கிரிப்டோ கடன் தளம், கடன் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தன் டோக்கனைப் பரிசாகத் தந்தது. வட்டியில் நஷ்டம் வந்தாலும் பரிசுக்காகப் பலர் சுற்றிச் சுற்றிக் கடன் வாங்கினார்கள். பரிசு டோக்கனின் விலை நிற்கும்வரைதான் அந்த லாபம்.

ஒரு வித்தியாசம் உண்டு. பர்மாவில் தவணை கேட்கலாம், அடுத்த அறுவடை வரை பொறுக்கச் சொல்லலாம். இங்கே ஈட்டின் மதிப்பு வரம்புக்குக் கீழே போனால், யாரோ ஒருவர் நம் கடனைக் கட்டி ஈட்டைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ள நிரலே வழிவிடும். நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும்.

அவரிடம் சொன்னது இதுதான்: தம்பி, இழந்தால் தாங்கும் உன் பணத்தில் கற்றுக்கொள். அப்பா பணத்தைத் தொடாதே.