மயிரிழை பிசகாத கருவிகளின் வரலாறு

பேரரசர்களின் போர்களையும் பேராறுகளின் கரையில் தோன்றிய நாகரிகங்களையும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஒரு திருகாணியின் வரலாற்றைக் கற்பிப்பதில்லை. நம் கைக்கடிகாரத்தினுள் எள்ளினும் சிறிய ஆணிகள் உள்ளன. அவை ஒன்றைப்போல் ஒன்று அமைந்திராவிடின் கடிகாரம் ஓடாது. இத்தகைய நுண்மை மனிதனுக்கு ஒரே நாளில் வாய்த்ததன்று. இருநூறாண்டுகளுக்கும் மேலாகப் பலருடைய உழைப்பால் படிப்படியாக வந்தது.

உருளையும் நீராவியும்

ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட் தம் நீராவிப் பொறிக்கு 1769ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கருத்து சிறந்ததாயினும் பொறி செவ்வனே இயங்கவில்லை. அக்காலத்து உருளைகளின் உட்புறம் சரியான வட்டமாக இல்லாமையால் உந்துதண்டின் ஓரமாக நீராவி கசிந்தது. கந்தலும் தக்கையும் அடைத்துப் பார்த்தும் பயனில்லை.

இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தின் இரும்புத் தொழிலதிபர் ஜான் வில்கின்சன். பீரங்கிகளைக் குடைவதற்கான முறைக்கு அவர் 1774இல் காப்புரிமை பெற்றிருந்தார். அடுத்த ஆண்டில் உருளைகளுக்கெனத் தனி இயந்திரம் அமைத்தார். வெட்டும் கருவியைத் தாங்கிய தண்டு உருளையின் ஊடே சென்று இருபுறத்திலும் ஊன்றி நின்றது. ஆதலின் அது தளரவோ விலகவோ இயலவில்லை. 50 அங்குல விட்டமுள்ள உருளையிலும் பிழை பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவுகூட இல்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்தியூ போல்டன் 1776இல் எழுதினார். தொழிற்புரட்சியின் பெருமையை வாட்டுக்கு அளிக்கும் நாம், அதில் ஒரு பங்கை இந்தத் துளையிடும் இயந்திரத்துக்கும் அளித்தல் முறையாகும்.

பூட்டுப் பட்டறையில் ஓர் இளைஞர்

இவ்வரலாற்றின் நாயகர் என்று கூறத்தக்கவர் ஹென்றி மாட்ஸ்லி. 1771இல் பிறந்த அவர், பன்னிரண்டு வயதிலேயே வூலிச் படைக்கலச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நாளில் ஜோசப் பிராமா என்பவர் எளிதில் திறக்கவியலாத பூட்டொன்றை வடிவமைத்து, 1784இல் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அதன் சிறு உறுப்புகளைக் கையால் அராவிச் செய்தால் செலவு மிகுந்தது, துல்லியமும் குறைந்தது. பதினெட்டு வயது மாட்ஸ்லியை அவர் பணிக்கு அமர்த்தினார். அவ்வுறுப்புகளைச் செய்வதற்கான கருவிகளை அவ்விளைஞர் உருவாக்கினார். பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறைகூவலுடன் லண்டனில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. 1851இல் அமெரிக்கரான ஹாப்ஸ் பல நாள் முயன்று, ஐம்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்த பின்னரே அது திறந்தது.

வாரம் 30 ஷில்லிங் ஊதியத்தை உயர்த்துமாறு மாட்ஸ்லி வேண்டினார். பிராமா மறுத்தார். 1797இல் மாட்ஸ்லி விலகித் தனியே பட்டறை தொடங்கினார். திறமையை மதியாதவர் எதை இழக்கிறார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

திருகாணி ஈன்ற திருகாணி

அதற்கு முன் திருகாணியின் புரிகள் பெரும்பாலும் கையாலேயே வெட்டப்பட்டன. ஓர் ஆணிக்குரிய மரை மற்றோர் ஆணியில் பொருந்தாது. இயந்திரத்தைப் பிரித்தால் எந்த மரை எந்த ஆணிக்கு உரியது என்று தேடித் திண்டாட வேண்டும்.

மாட்ஸ்லியின் கடைசல் இயந்திரத்தில் வெட்டும் கருவியை மனிதன் கையில் பிடிப்பதில்லை. நகரும் தாங்கி ஒன்று அதனைப் பற்றியிருக்கும். நீண்ட வழிகாட்டித் திருகு அத்தாங்கியை நகர்த்தும். பற்சக்கரங்களை மாற்றினால், அதே இயந்திரத்தில் வெவ்வேறு இடைவெளியுள்ள புரிகளை வெட்டலாம். பிரெஞ்சு நாட்டு வோகான்சோனும் இங்கிலாந்தின் ராம்ஸ்டனும் இவ்வழியில் முன்னரே முயன்றவர்கள்தாம். எனினும் அதனை இரும்பில் உறுதியாக அமைத்து, பட்டறையின் அன்றாடக் கருவியாக்கிய பெருமை மாட்ஸ்லிக்கே உரியது. 5 அடி நீளத்தில், அங்குலத்துக்கு 50 புரிகளைக் கொண்ட திருகு ஒன்றை அவர் செய்தார். தம் பட்டறையில் எழும் அளவு வழக்குகளைத் தீர்க்க, அங்குலத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் நுண்ணளவி ஒன்றையும் வைத்திருந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘லார்டு சான்சலர்’. தொழிலாளியாயினும் முதலாளியாயினும் அதன் தீர்ப்புக்கு மேல் முறையீடில்லை.

இயந்திரத்தின் இருபுறம்

மார்க் புருனெல் வரைந்த திட்டப்படி, போர்ட்ஸ்மவுத் கப்பற்படைத் துறைக்கு மாட்ஸ்லி 45 இயந்திரங்களைச் செய்தளித்தார். பாய்மரக் கப்பலின் கயிறுகளுக்குரிய கப்பிகளை அவை செய்தன. 1808இல் அங்கு 1,30,000 கப்பிகள் உருவாயின. கைத்தேர்ச்சி மிக்க 110 பேர் செய்த வேலையைப் பயிற்சி குறைந்த 10 பேர் செய்தனர். ஆக்கத்தின் வேகத்தைப் போற்றும் நாம், வேண்டாதவராகிவிட்ட எஞ்சிய நூறு பேரையும் நினைத்தல் வேண்டும். நுண்மை கைவிரல்களிலிருந்து இரும்புக்கு இடம்பெயர்ந்தபோது, ஒரு வாழ்நாள் முழுதும் பயின்ற திறன் விலையிழந்தது. அறிவியல் வரலாறு இக்கணக்கையும் சேர்த்தே எழுதப்படல் வேண்டும்.

மாணவர் பரம்பரை

மாட்ஸ்லியின் பட்டறை ஒரு கல்விக்கூடமாகவே விளங்கியது. ரிச்சர்டு ராபர்ட்ஸ், ஜேம்ஸ் நாஸ்மித், ஜோசப் விட்வொர்த் ஆகியோர் அங்குப் பணியாற்றியவர்களே. சமதளத்தை உருவாக்கும் முறையை அங்கே கற்கலாம். இரண்டு தகடுகளைத் தேய்த்துப் பொருத்தினால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் அவை பொருந்திவிடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டால் அப்பொய் வெளிப்பட்டுவிடும். விட்வொர்த் இம்முறையைப் பரப்பினார். 1841இல் திருகாணிப் புரிகளுக்குப் பொது அளவையும் முன்மொழிந்தார். ஓரூரில் செய்த ஆணி வேற்றூரில் செய்த மரையில் பொருந்தும் நிலை அதனால் பிறந்தது.

அந்நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் நாட்டு யோகான்சன் எஃகு அளவுக்கட்டைகளைக் கண்டார். அவர் எஸ்கில்ஸ்துனா துப்பாக்கித் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். 102 கட்டைகளை வெவ்வேறாகச் சேர்த்து ஏறத்தாழ 20,000 அளவுகளைப் பெறலாம். அவற்றின் பரப்புகள் மிக வழவழப்பானவை; ஆகையால் பசையின்றியே ஒட்டி நிற்கும். சுவிட்சர்லாந்திலோ 1870களில் கடிகாரத் திருகாணிகளுக்கெனத் தனிக் கடைசல் இயந்திரம் தோன்றியது. மெல்லிய கம்பி வெட்டும்போது வளையாதபடி, வெட்டுமிடத்தின் அருகிலேயே அதனைத் தாங்கிப் பிடிப்பதே அதன் நுட்பம். 1943இல் சோவியத் நாட்டு லசரென்கோ தம்பதியர் மின்பொறியால் உலோகத்தை அரித்து வடிவமைக்கும் வழியைக் கண்டனர். உளி தொடாமலே கடின எஃகையும் செதுக்க இயன்றது.

இவ்வறிவு நம் நாடுகளுக்கும் வந்தது. 1972இல் சிங்கப்பூரில் இந்தியாவின் டாட்டா நிறுவனமும் அரசும் இணைந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. துல்லியக் கருவிகள் செய்யும் தொழிலை இளைஞர்கள் அங்குக் கற்றனர்.

இவ்வரலாற்றில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பாடம் உண்டு. பிழையுள்ள கருவிகளைக் கொண்டே பிழை குறைந்த கருவியை மனிதன் படைத்தான். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குக் கிடைத்ததைவிடச் செம்மையான அளவுகோலை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றது. தன்னைவிடச் சிறந்த மாணவனை உருவாக்கும் ஆசிரியனின் தொழிலும் அதுவே. இரண்டு தகடுகள் உடன்பட்டால் போதாது, மூன்றாவதையும் வைத்துப் பார் என்றான் தொழிலறிஞன். வகுப்பறையில் நாம் கற்பிக்க வேண்டிய அறிவியல் மனப்பான்மையும் ஈதேயாகும்.