கமான் பட்டையும் கடையநல்லூர்ச் சாலையும்

மதுரையிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டியே நெடுந்தொலைவு ஓடி, கடையநல்லூருக்குள் புகுந்து செல்கிறது. கருப்பாநதிப் பாசனத்தில் விளையும் நெல்லும், வடக்கே புளியங்குடிச் சந்தையில் குவியும் எலுமிச்சையும், கிழக்கே சங்கரன்கோவில் விசைத்தறிகளில் நெய்யப்படும் சேலைகளும் இந்த வட்டாரச் சாலைகளை நம்பியே வெளியூர் போய்ச் சேர்கின்றன. இத்தகைய ஒரு சாலையின் சரக்குப் போக்குவரத்தைப் பற்றி எழுதுவோர் எஞ்சினையும் முதலாளியையும் பற்றி எழுதுவார்களே தவிர, வண்டிக்கு அடியில் சேறும் துருவும் படிந்து கிடக்கும் கமான் பட்டைகளை அநேகமாகக் கவனிப்பதில்லை. சுமை தாங்குவதற்கென்று உருவான அந்த எஃகுப் பட்டைகளின் மேல், எஞ்சின் வந்த பிறகு முறுக்குத் தாங்கும் வேலையும் ஏற்றப்பட்டது என்பதும், ஒன்றுக்கொன்று முரணான அவ்விரு வேலைகளையும் ஒரே பட்டையிடம் வாங்க முயன்றதே பிக்கப் வண்டியின் பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம் என்பதும் இங்கே விளக்கப்பட வேண்டியவை.

மோட்டார் வருவதற்கு முன் திருநெல்வேலிச் சீமையில் இரண்டு வகை மாட்டு வண்டிகள் ஓடின. நெல்லும் வைக்கோலும் ஏற்றிய பார வண்டியில், இருசு எனப்படும் அச்சின் மேல் வண்டிச் சட்டம் நேராகவே அமர்ந்திருந்ததால், சக்கரத்தின் இரும்புப் பட்டா கல்லில் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி குறையாமல் சரக்குக்குப் போய்ச் சேர்ந்தது. வசதி படைத்த வீட்டார் பயணம் போன வில் வண்டியில் இருசுக்கும் கூட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. 1804-இல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் குதிரை வண்டிகளுக்கென உரிமம் பெற்ற அடுக்குப் பட்டை அமைப்பின் வழிவந்ததே இது. நீளத்தில் படிப்படியாகக் குறையும் பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கிப் பிடித்தால், பாரம் ஏறும்போது அவை ஒன்றாக வளைந்து, ஒன்றன் மேல் ஒன்று உரசி, அந்த உராய்விலேயே துள்ளலையும் ஓரளவு அடக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாட்டு வண்டியில் இழுவிசை நுகத்தடியிலிருந்து ஏர்க்கால் வழியாக வந்தது. சக்கரம் இழுபட்டு உருண்டதே தவிர, தானாகச் சுழன்று வண்டியைத் தள்ளவில்லை. ஆகவே இருசுக்கு முறுக்கு எதுவும் கிடையாது. வில் வண்டியின் பட்டைக்குப் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வதைத் தவிர வேறு வேலை இல்லாததால், அதை வேண்டிய அளவுக்கு மென்மையாகவே செய்ய முடிந்தது. அதனால்தான் அந்தப் பயணச் சுகம் பின்னாளில் பல லாரிகளுக்குக் கூட வாய்க்கவில்லை.

மாட்டு வண்டிக்கு அடுத்து, மலையைக் கடந்த சரக்குக்குப் புது வழி திறந்தது ரயில். கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த பாதை 1904-இலும், கடையநல்லூர் வழியாக விருதுநகரையும் தென்காசியையும் இணைத்த பாதை 1927-இலும் திறக்கப்பட்டன. அதே காலத்தில் மோட்டார் பஸ்களும் லாரிகளும் சாலைக்கு வரத் தொடங்கியிருந்தன. அவை வந்த வேகத்தைவிட, அவற்றின் பின் அச்சு எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதே நமது பொருளுக்கு முக்கியம்.

எஞ்சினின் சுழற்சி நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின் அச்சை அடைந்து, பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தால் கிரௌன் என்னும் பெரிய பற்சக்கரத்தைத் திருப்பி, அதன் மூலம் சக்கரங்களைச் சுழற்றுகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது, எதிர்வினையாக, அச்சைப் பொதிந்திருக்கும் ஹவுசிங் பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது. அந்தத் திருப்பத்தை யாராவது தடுத்தாக வேண்டும். 1908-இல் வெளிவந்த போர்டு ‘டி’ மாடல் காரில் தண்டைச் சுற்றி ஒரு கெட்டியான குழாயைப் பொருத்தி, முறுக்கை அந்தக் குழாய்க்கு விட்டுவிட்டார்கள். குறுக்கே வைத்த பட்டை சுமையை மட்டும் தாங்கியது. பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் இன்னொரு முறையில் அந்தக் குழாயே கிடையாது. நீளவாக்கில் வைத்த இரண்டு கமான் பட்டைகளே சுமையையும், சக்கரத்தின் தள்ளுவிசையையும், ஹவுசிங்கின் முறுக்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும். விலை குறைவு, உறுப்புகள் குறைவு, எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம் என்பதால் உலகம் இந்த முறையையே ஏற்றுக்கொண்டது. வில்லிஸ் ஜீப் அப்படிப்பட்டது. 1947-இல் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய ஜீப்புகளும் அப்படியே. சிக்கனமான அந்த முடிவைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அதற்கான விலையைப் பட்டைகள் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அந்த விலை எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் காணலாம். 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் டீசல் எஞ்சின் ஒன்றில், முதல் கியர் விகிதமும் கிரௌன் விகிதமும் தலா 4 என்று வைத்துக்கொண்டால், பின் அச்சில் விழும் முறுக்கு 3,200 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு பக்கத்துப் பட்டைக்கும் 1,600. இந்த முறுக்கில் ஹவுசிங்கின் மூக்கு, அதாவது பினியன் இருக்கும் முன்முனை, மேலே தூக்குகிறது. அதோடு பிணைந்த பட்டையின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி எதிர்ப்பக்கமும் வளைந்து, பக்கவாட்டில் பார்த்தால் அலைபோல் நெளிகிறது. இதையே அச்சு முறுக்கம் என்கிறோம். சக்கரத்தின் பிடி தளர்ந்த நொடியில் பட்டை வெடுக்கென்று பழைய நிலைக்குத் திரும்ப, சக்கரம் மறுபடி தரையைப் பற்ற, மறுபடி நெளிய, பின்பக்கம் முழுவதும் குதிக்கத் தொடங்குகிறது. தண்டின் கோணம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் அதன் இணைப்பிலுள்ள ஜாயிண்ட் கிராஸ் தேய்ந்து உடைகிறது. பிரேக் பிடிக்கும்போது இதே முறுக்கு எதிர்த்திசையில் நிகழ்கிறது. கடையநல்லூரில் சரக்கேற்றிப் புளியரையின் எஸ் வளைவில் முன்னே நின்ற லாரிக்குப் பின் முதல் கியரில் புறப்பட்டு, ஆரியங்காவைத் தாண்டித் தென்மலை வரை பிரேக்கோடு இறங்கும் வண்டியின் பட்டை, ஒரே நடையில் இரு திசையிலும் நெளிந்துவிடுகிறது.

பழைய லாரிகளில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியவில்லை. அவற்றின் பட்டைகள் தடித்தவை, எஞ்சின்கள் நிதானமானவை. 1986-இல் டாடா 407, 1988-இல் டாடா மொபைல் பிக்கப், 2005-இல் டாடா ஏஸ், 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் என்று சிறு சரக்கு வண்டிகள் அடுத்தடுத்து வந்தபோது, வாழைத்தாரும் காய்கறியும் தோட்டத்திலிருந்து நேரே சந்தைக்குப் போகும் வழி சிறு வியாபாரிகளுக்குத் திறந்தது. குட்டி யானை என்று தமிழ்நாடெங்கும் பெயர் பெற்ற முதல் ஏஸின் எஞ்சின் 16 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது, அது சுமக்க வேண்டியது முக்கால் டன். அந்த எஞ்சினால் பட்டையை நெளிய வைப்பது கடினம். டர்போ டீசல் பொருத்திய பிக்கப்புகள் ஒன்றரை டன் அளவுக்குச் சுமக்க வந்தபோதுதான், மெல்லிய பட்டையும் மிகுந்த முறுக்கும் ஒரே வண்டியில் சந்தித்தன.

இதற்கு வழக்கமாகக் கண்ட மருந்து பட்டை கூட்டுவது. கூடுதல் சரக்கு ஏற்றவும், பின்பக்கம் தாழாமல் இருக்கவும், குதிப்பு நிற்கவும் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். முறுக்கம் குறைவது உண்மைதான். ஆனால் பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடுவதால், தடித்த ஒரு பட்டை சேர்ந்தாலே வண்டியின் குணம் மாறிவிடும். தன் எடையால் 4 சென்டிமீட்டர் அமுங்கும் வெற்று வண்டி நொடிக்கு ஏறத்தாழ 2.5 முறை அதிரும். பட்டை கூட்டி அமுக்கம் 2.5 சென்டிமீட்டராகக் குறைந்தால் அது 3 முறைக்கும் மேலாகிறது. மனித உடல் அலுப்பில்லாமல் ஏற்பது 1 முதல் 1.5 வரையிலான அதிர்வையே. சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு இரவில் ஊர் திரும்பும் ஓட்டுநரின் முதுகே இந்த வேறுபாட்டைச் சுமக்கிறது என்பதை, பட்டை கூட்டச் சொல்லும் உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டறைத் தொழிலின் நுட்பம், பட்டையைக் கூட்டாமலே அதன் நிலையைச் சீராக்குவதில்தான் வெளிப்படுகிறது. சேஸை முட்டுக் கொடுத்துத் தூக்கி, அச்சோடு பட்டையைப் பிணைக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றி, சென்டர் போல்ட்டை உருவினால், அடுக்கு தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்துவிடும். இடையில் செந்தூள் போலத் துரு உதிரும். மேல் பட்டையின் அடிப்பக்கத்தில், கீழ்ப் பட்டையின் நுனி உரசிய இடம் மட்டும் பள்ளமாகப் பளபளக்கும். துருவேறிய அடுக்கு நழுவாமல் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டைபோல் ஆகிவிடுவதால் சவாரி கெடுகிறது. துருவைச் சுரண்டி, கிராபைட் கிரீஸ் தடவி, மெயின் பட்டையின் நுனி வளையமான காதிலுள்ள தேய்ந்த புஷ்ஷை மாற்றி, வளைவு இழந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவேற்றிக் கட்டினால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். யூ போல்ட் தளர்ந்திருந்தால் முறுக்கு முழுவதும் சென்டர் போல்ட் துளையில் விழுவதால், மெயின் பட்டை அந்தத் துளையின் வழியாகவே முறியும். முறிந்த பட்டையும் வீணாவதில்லை. லாரிப் பட்டையின் எஃகு அரிவாளுக்கு ஏற்றது என்பதைத் தென்மாவட்டக் கொல்லர்கள் நெடுநாளாக அறிவார்கள்.

முறுக்கத்தை மட்டும் தனியே பிடித்து அடக்கும் வழிகளும் நெடுங்காலமாக உள்ளன. அச்சைப் பட்டையின் நடுவுக்குச் சற்று முன்னே அமைத்து, முன்பாதியைக் குட்டையாகவும் விறைப்பாகவும் வைப்பது ஒன்று. அப்போது பின்பாதி மென்மையாகவே இருக்கலாம். முன்பாதியின் கிளிப்புகளை இறுக்கமாக வைத்தாலும் ஓரளவு இதே பயன் கிட்டும். ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் சாய்த்துப் பொருத்துவது இன்னொன்று. ஒற்றைப் பட்டையோடு வந்து குதிப்புக்குப் பேர்போன செவர்லே கமாரோ காருக்கு 1968-இல் அவ்வாறே செய்தார்கள். நடுவில் தடித்து நுனியில் மெலியும் பாரபோலிக் பட்டை, எண்ணிக்கையையும் உராய்வையும் குறைத்துச் சவாரியைச் சீராக்குகிறது. ஆனால் உயரத்துக்காக அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பவர்கள், சக்கரத்தின் தள்ளுவிசைக்கு நெம்புகோல் நீளத்தைக் கூட்டிக் கொடுத்து முறுக்கத்தை வளர்க்கிறார்கள்.

எல்லாவற்றிலும் நேர்மையான தீர்வு டார்க் ராட். ஹவுசிங்கையும் சேஸையும் ரப்பர் புஷ்களோடு இணைக்கும் இந்தக் கம்பி, முறுக்கைத் தான் வாங்கிக்கொண்டு பட்டையைச் சுமைக்கு மட்டும் விட்டுவைக்கிறது. இது நமது பட்டறைகளுக்குப் புதியதன்று. டாரஸ் என்று மக்கள் அழைக்கும் பல அச்சு லாரிகளின் பின்பக்கத்தில் நெடுநாளாகப் பார்த்துப் பழகியதே. பிக்கப்பில் பொருத்தும்போது கவனம் வேண்டும்: பட்டை அமுங்கும்போது அச்சு முன் காதை மையமாகக் கொண்டு ஏறத்தாழ ஒரு வில்வட்டத்தில் நகர்வதால், கம்பியின் சேஸ் முனை அந்த மையத்துக்கு அருகில் அமையாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, சவாரி முன்னைவிடக் கெடும். 2009-ஆம் ஆண்டு மாடலாக வந்த அமெரிக்காவின் டாட்ஜ் ராம் 1500 பிக்கப், பின் பட்டையையே நீக்கிச் சுருள் ஸ்பிரிங்குக்குச் சுமையையும் இணைப்புக் கம்பிகளுக்கு முறுக்கையும் பிரித்துக் கொடுத்தது. வில் வண்டியிலும் போர்டு ‘டி’ மாடலிலும் இருந்த வேலைப் பிரிவினையே வேறு உருவில் அங்கே திரும்பியிருக்கிறது.

இந்தச் சாலையின் பிக்கப்புகளில் கமான் பட்டையே நீடிக்கிறது. மிகுபாரத்தையும் தாங்கி, சாலையோரப் பட்டறையில் பழுது பார்க்க இடம் தரும் அமைப்பு வேறில்லை. வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாகத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகையால் கடையநல்லூர் ஓட்டுநருக்கு உடனே கைகூடும் வழி, பாரத்தை அளவோடு ஏற்றி, பட்டை கட்டிய பின் முதல் சில நடைகளுக்குள் யூ போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, மழைக்காலம் முடிந்ததும் அடுக்கைப் பிரித்துத் துரு நீக்குவதே.