கரையின் உழைப்பும் காதலின் சான்றும்: மேரி அனிங் – எலிசபெத் பில்பொற் உறவு குறித்து

2020ஆம் ஆண்டிலே வெளிவந்த 'அம்மோனைற்' என்னும் ஆங்கிலத் திரைப்படம், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் றீஜிஸ் என்னும் சிற்றூரிலே வாழ்ந்த புதைபடிவ ஆய்வாளர் மேரி அனிங்குக்கும் (1799–1847) புவியியலறிஞர் சார்லற் மேர்ச்சிசனுக்கும் (1788–1869) இடையே மெல்ல அரும்பி வளர்ந்த காதலொன்றைச் சித்திரித்தது. பிரான்சிஸ் லீ நெறிப்படுத்திய இப்படம் வெளிவருமுன்னரே, அத்தகைய காதலுக்குச் சான்று யாதெனும் வினா எழுப்பப்பட்டது. வினா நியாயமானதே. ஆயின் ஆணொருவனை மேரியின் காதலனாகப் புனைந்திருப்பின் இதே கண்டிப்போடு சான்று கேட்கப்பட்டிருக்குமா என்பதையும் உடன்வைத்தே நாம் நோக்குதல் வேண்டும். மேரி எந்த ஆணையும் காதலித்தமைக்கும் சான்றில்லை.

சான்று என்பது தானாக எஞ்சுவதன்று. அது எஞ்சுவதற்குத் தாள் வேண்டும், மேசை வேண்டும், பூட்டிவைக்கப் பெட்டகம் வேண்டும், காத்துவைக்க வாரிசு வேண்டும். மேரியின் சமகாலத்தவரான ஆன் லிஸ்ரர் (1791–1840) பெண்களோடு தாம் கொண்ட காதலைப் பல இலட்சம் சொற்கள் கொண்ட நாட்குறிப்பிலே, பகுதியளவிற் குறியீட்டெழுத்தில், எழுதிவைத்தார். அவர் ஷிப்டன் மாளிகையின் நிலவுடைமையாளர். அந்நாட்குறிப்பு மாளிகைக்குள்ளேயே கிடந்து தப்பியது. தச்சுத் தொழிலாளியின் மகளான மேரிக்கு அத்தகைய பாதுகாப்பெதுவும் இருக்கவில்லை.

மேரியின் தந்தை றிச்சேட் 1810இல் இறந்தபோது குடும்பத்துக்கு விட்டுச்சென்றது ஏறத்தாழ 120 பவுண் கடன். சில ஆண்டுகள் ஊர்ப்பங்கின் ஏழை நிவாரணத்தைப் பெற்றே அக்குடும்பம் உயிர்வாழ்ந்தது. 1811இலே தமையன் ஜோசப் ஒரு பெரும் விலங்கின் மண்டையோட்டைக் கண்டான். எஞ்சிய எலும்புகளை மறுவருடம் மேரி கண்டெடுத்தாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. பின்னர் இக்தியோசோர் எனப் பெயர்பெற்ற அவ்வுருவை அவ்வூர் நிலப்பிரபு ஏறத்தாழ 23 பவுணுக்கு வாங்கினார். 1823இல் முதலாவது முழுமையான பிளீசியோசோர். 1828இல் ஜேர்மனிக்கு வெளியே கண்டெடுக்கப்பட்ட முதற் பறக்கும் ஊர்வன எலும்புக்கூடு. 1824இலே புவியியற் சங்கத்தின் கூட்டத்திற் கொனிபெயர் பிளீசியோசோரை விவரித்தபோது அதனைக் கண்டெடுத்து வேறாக்கிப் பொருத்தியவளின் பெயர் கூறப்படவில்லை. அச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இலேயே.

இதனைத் தனிமனிதரின் நன்றியின்மையாகச் சுருக்குதல் தவறு. மேரி விற்றது கல்லை. கல்லோடு அதனைப் பற்றிய அறிவும் விலையின்றிச் சென்றது. கண்டெடுத்தவளின் உழைப்பு சரக்காகவும், வாங்கியவரின் விவரணம் விஞ்ஞானமாகவும் மாறின. அவ்வாறு மாற்றிய செல்வத்தின் ஊற்றும் கவனத்துக்குரியது. மேரியின் இளமைக்கால நண்பரும், அவருக்கு வருவாய் கிட்டுமாறு 1830இலே 'டூரியா அன்றிகியோர்' என்னும் தொல்லுலகச் சித்திரத்தை வரைந்தவருமான ஹென்றி டி லா பீச், ஜமெய்க்காவில் அடிமைகள் உழைத்த பெருந்தோட்டமொன்றின் உரிமையாளர். மேரியைப் பற்றி அனுதாபத்தோடு நாட்குறிப்பெழுதிய இளம்பெண் ஆனா மரியா பின்னியின் குடும்பம் நெவிஸ் தீவின் சர்க்கரையாற் செழித்தது. கற்றோர் தம் உழைப்பை உறிஞ்சி நூல்களால் ஆதாயம் பெற்றனர், தமக்கோ எதுவும் கிட்டவில்லை என மேரி கருதியதாகப் பின்னியின் குறிப்பிலிருந்தே அறிகிறோம். முறைப்பாட்டைச் சொன்னவள் உழைப்பாளி. அதனைப் பதிந்த பேனா சர்க்கரைச் செல்வத்தினுடையது. இம்முரண் இரங்கத்தக்கதாயினும் அப்பேனா இல்லையேல் நமக்கு இவ்வளவேனும் தெரிந்திராது.

இவ்வுண்மை நம் கரைக்கும் புறம்பானதன்று. தோப்பூரிலிருந்து இதனை எழுதும் நமக்கு அண்மையிலுள்ளது கொட்டியாரக் குடா. 1850களிலே திருகோணமலையிலிருந்து முத்துச்சிப்பியையும் ஓடற்ற கடல் நத்தைகளையும் ஆராய்ந்த கெலாட் என்னும் மருத்துவரின் பெயர் விலங்கியல் நூல்களில் உண்டு. தம்பலகாமக் களப்பின் சிப்பியும் அவ்வாறே அறிவுலகில் இடம்பெற்றது. அச்சிப்பியை முழுகியெடுத்தோர் எவரென்று அந்நூல்கள் கூறா. அரியலூரின் அம்மோனைற்றுகளை 1840களிலே கேயும் கன்லிஃபும் இலண்டனுக்கு அனுப்பியபோதும், கல் பொறுக்கிக் கொடுத்த கைகள் பெயரின்றியே போயின. லைம் றீஜிஸின் தச்சன் மகளுக்குப் பெயராவது எஞ்சியது.

இனிக் காதலுக்கு வருவோம். படம் தேர்ந்த துணை சார்லற். வரலாற்றில் அவர் மேரியிலும் பதினொரு வயது மூத்தவர், படத்திலோ இளையவர். 1825இலே கணவர் றொடெரிக் மேற்கே பயணந்தொடர, அவர் சில வாரங்கள் லைமிலே தங்கி மேரியிடம் களவேலை பயின்றார். 1829இலே மேரி இலண்டன் சென்றபோது தங்கியது மேர்ச்சிசன் வீட்டிலேயே. இது நல்ல நட்பு, ஐயமில்லை. ஆனால் அது வாரங்களின் நட்பு. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கனன்ற உறவொன்றைத் தேடுவோர் படத்தின் ஓரத்திலே நிற்கும் எலிசபெத் பில்பொற்றிடமே வந்துசேர வேண்டும் என்பது நமது துணிபு. படமும் அவருக்கும் மேரிக்குமிடையே பழைய நெருக்கமொன்றைச் சாடையாகக் காட்டுகிறது, காட்டிவிட்டு அகன்றுவிடுகிறது.

எலிசபெத் 1805இலே இரு சகோதரியருடன் லைமிலே குடியேறியவர், மணம் புரியாதவர், இலண்டனில் வழக்கறிஞரான சகோதரர் அவர்களுக்கு வீட்டை வாங்கித் தந்தார். அவ்வேளை மேரி ஆறு வயதுச் சிறுமி. இருவருக்கும் இடையே ஏறத்தாழ இருபது வயது வேறுபாடு. அதனினும் பெரிது வர்க்க வேறுபாடு. எனினும் மேரி வளர்ந்தபின் இருவரும் சேர்ந்தே கரையிற் புதைபடிவந் தேடினர். புவியியல் நூல்களைப் பயிலுமாறு மேரியைத் தூண்டியவர் எலிசபெத். மீன் புதைபடிவங்களில் அவருக்கிருந்த தேர்ச்சி தனித்துவமானது. 1834இலே லைமுக்கு வந்த அகாசிஸ் இருவரிடமிருந்தும் கற்றதை வெளிப்படையாக ஏற்று, மீனினங்களுக்கு இருவர் பெயரையுஞ் சூட்டினார். ஆண் அறிஞருள் அவ்வாறு செய்தோர் மிகச் சிலர்.

நெய்தற் கரையிலே காதலைப் பாடிப் பழகிய மரபு நம்முடையது. திணைக் கோட்பாட்டைச் சமூக, பொருளாதார அடித்தளத்தோடு இணைத்து நோக்கும் வழியைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இலே திறந்துவைத்தார். அவ்வழியே நின்று நோக்கின், அகப்பாடலில் அதிகம் பேசுபவள் தோழியாயிருந்தும் அவளுக்கெனக் காதலொன்று பாடப்படவில்லை என்பது புலனாகும். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகளென்கிறது. பணிபுரியும் குலத்தினள், ஆதலின் அவளது நெஞ்சு பாடுபொருளாகவில்லை. தலைவிக்கும் தோழிக்கும் இடையிலான அந்நெருக்கத்துக்கு மரபு பெயரிட்டதுமில்லை. படத்தின் தகுதியும் இங்கேதான் உள்ளது: உழைக்கும் பெண்ணுக்கும் ஆசையுண்டு என்று அது வற்புறுத்துகிறது, குளிரில் வெடித்த கைகளையும் சேற்றையும் கல்சுரண்டலையும் பொறுமையோடு காட்டுகிறது. அதன் குறை, அவளை நாம் காண்பதற்குக் கனவான் வீட்டுப் பெண்ணொருத்தியின் பார்வை தேவைப்படுவது.

பில்பொற் – அனிங் உறவைக் காதலென்று நாம் நிறுவவில்லை, நிறுவவும் இயலாது. நட்பு மட்டுமே என்று முடிவுகட்டுவதற்கும் அதேயளவு சான்றின்மையே உண்டு. இது வெறும் ஏட்டுப் பிரச்சினை எனின், நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையை நோக்குக. பிரித்தானியர் 1883இலே தந்த அக்கோவையின் 365அ பிரிவு ஆண்களை மாத்திரமே குறித்திருந்தது. சுதந்திர இலங்கையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பெண்களுக்கும் விரித்தது. குடியேற்ற ஆட்சியின் சட்டத்திலே பெயரற்றிருந்த உறவு, குற்றமாகவே முதன்முதல் அங்கு இடம்பெற்றது. அதனைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இலே உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இத்தகைய சூழலிற் சான்றின்றிக் காதலை மறுப்பதும் ஒரு தீர்ப்பே.

நாம் செய்யக்கூடியது எஞ்சியுள்ளதை வாசிப்பது. பெலெம்னைற் என்னும் கணவாயின உயிரியின் புதைபடிவத்துள் உலர்ந்த மைப்பை இருப்பதை மேரி கண்டறிந்தார். எலிசபெத் அம்மையை நீரிற் கரைத்துச் சித்திரந் தீட்டினார். ஒருத்தி பாறையிலிருந்து பிரித்தெடுத்ததை மற்றவர் தூரிகையில் எடுத்தார். ஊர்ச் சித்திரக்காரரும் பின்னர் அதனைக் கைக்கொண்டனர்.

1833 ஒக்ரோபரிலே, மேரியோடு எப்போதும் கரைக்குச் செல்லும் ட்றே என்னும் நாய் பாறைச் சரிவிற் சிக்கி அவர் கண்முன்னே மடிந்தது. மேரி நூலிழையில் தப்பினார். அவ்வாண்டு திசெம்பர் 9ஆந் திகதி எலிசபெத் பக்லண்ட் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இக்தியோசோர் மண்டையோடொன்றின் சித்திரம் அதிலுண்டு. கோடிக்கணக்கான ஆண்டுப் பழமைவாய்ந்த அந்த மையினால் தீட்டப்பட்டது. கடிதத்தில் மேரியைப் பற்றிய செய்தியும் உண்டு: முதல்நாள் விடியுமுன் கரைக்குச் செல்கையிற் பாலத்திலே வண்டிச் சில்லொன்று அவரைச் சுவரோடு நெருக்கிவிட்டது, வண்டியைத் தக்க தருணத்தில் நிறுத்தினர், அவர் வழமைபோல வேலைக்குச் செல்கிறார்.